கேளுங்கள் சொல்கிறோம்

கே: பரிசுக் கடையில் வாங்கிய பிளாஸ்மா பந்தில் விரல் வைத்தால் மின்னல் கோடு விரலைத் தேடி வருகிறது. கண்ணாடி மின்சாரத்தைக் கடத்தாதே, எப்படி? ஷாக் அடிக்காதா?

ப: கண்ணாடி தடுப்பது ஒரே திசையில் பாயும் நேர்மின்னோட்டத்தை. பந்தின் நடுவிலுள்ள குமிழுக்குப் போவதோ, விநாடிக்குப் பல்லாயிரம் முறை திசை மாறும் சில ஆயிரம் வோல்ட். உள்ளே நியான், ஆர்கான் போன்ற வாயுக்கள் இருக்கின்றன. மின்புலம் அவற்றின் அணுக்களிலிருந்து எலக்ட்ரான்களைப் பிய்த்து ஒளிரவைக்கிறது; இப்படி எலக்ட்ரான் பிரிந்த வாயுதான் பிளாஸ்மா. நீங்கள் தொட்டதும் உள்ளேயுள்ள பிளாஸ்மா ஒரு தகடு, விரல் மறு தகடு, நடுவே கண்ணாடி என ஒரு கெப்பாசிட்டர் அமைந்துவிடுகிறது. அதிவேக மாறுமின்னோட்டத்துக்கு அது திறந்த வழி. உடல் வழியாகத் தரைக்குப் பாதை கிடைப்பதால், சிதறிக் கிடந்த கோடுகளில் ஒன்று தடித்து அங்கே குவிகிறது. மின்னோட்டம் மிகக் குறைவு, ஷாக் அடிக்காது.

ஒரு பழைய டியூப் லைட்டைக் கையில் பிடித்து அருகே கொண்டுபோங்கள். ஒயர் இல்லாமலே, கை பிடித்த இடம்வரை எரியும். ஆனால் பந்தின் மேல் நாணயம், அலுமினியத் தாள் வைத்துத் தொடாதீர்கள். மின்னோட்டம் ஒரே புள்ளியில் குவிந்து பொறி பறக்கும், தோல் பொசுங்கும். செல்போனையும் தள்ளியே வையுங்கள்; தொடுதிரை தாறுமாறாக இயங்கும். பேஸ்மேக்கர் பொருத்தியவர்கள் தொடவே வேண்டாம். கண்ணாடியில் கீறல் விழுந்து காற்று புகுந்தால் கோடுகள் மறைந்துவிடும், பழுதுபார்க்க வழியில்லை.