கச்சத்தீவும் காசிமேடும் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

காசிமேட்டில் மீன் வாங்கப் போனால் யாராவது ஒருவர் கச்சத்தீவு பற்றிப் பேசுகிறார். தேர்தல் நெருங்கினால் பேச்சு இரண்டு மடங்காகிவிடுகிறது. வெளிநாட்டு உறவில் உள்ளூர் அரசியல் புகுந்ததால்தான் எல்லாம் கெட்டதா? தீவு திரும்பக் கிடைத்தால் மீனவர் கைது நின்றுவிடுமா?

ச., தண்டையார்பேட்டை

அன்புள்ள ச.,

இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். நிற்காது. கச்சத்தீவு வெறும் 285 ஏக்கர். 1974 ஒப்பந்தத்தில் அது இலங்கைக்குப் போனது. ஒருவர் கடலில் இன்னொருவர் மீன் பிடிப்பதில்லை என்று முடிவானது 1976-ல். நம் விசைப்படகுகள் பல பிடிபடுவது இலங்கையின் நெடுந்தீவு, தலைமன்னார் பக்கம். தீவு நமக்கு வந்தாலும் அந்தக் கடல் அவர்களுடையதுதான்.

அப்புறம் ஏன் எல்லா மேடையிலும் தீவு? பேசினால் இங்கே ஒரு ஓட்டும் குறையாது, அதனால்தான். 2024 மக்களவைத் தேர்தலுக்குச் சில வாரம் முன்பு காங்கிரஸையும் திமுகவையும் சாடப் பிரதமர் மோடி அதை எடுத்தார். 2025 ஏப்ரலில் தமிழகச் சட்டமன்றம் தீர்மானம் போட்டது. ஆகஸ்டில் மதுரை மாநாட்டில் விஜய் பேசினார். செப்டம்பர் 1 அன்று இலங்கை அதிபர் அநுர குமார திசாநாயக்க தீவிலேயே போய் இறங்கிவிட்டார். அவருக்கும் கணக்கு உண்டு. 2024 நவம்பர் தேர்தலில் யாழ்ப்பாண மாவட்டத்தில் அவர் கூட்டணிதான் முதலிடம் பிடித்தது. அங்கே மீனவரைப் பகைத்துக்கொள்ள அவரால் முடியாது.

அந்த மீனவர்களும் தமிழர்கள்தான். போர்க்காலத்தில் கடல் அவர்களுக்குப் பெரும்பாலும் மூடியே கிடந்தது. 2009-க்குப் பிறகு சின்னப் படகும் கடன் வாங்கிய வலையுமாக இறங்கினார்கள். ராத்திரியில் இங்கிருந்து போகும் இழுவைமடி, அதாவது விசைப்படகு கடலடியோடு இழுத்துப் போகும் பெரிய வலை, அந்தச் சின்ன வலையை அறுத்துக்கொண்டு போகிறது. அடிக்கடலையும் சுரண்டுகிறது. 2017-ல் இலங்கை இழுவைமடியைச் சட்டம் போட்டுத் தடை செய்தது. இதை நம் ஊரில் எந்தக் கட்சி மேடை போட்டுச் சொல்லும்? ராமேஸ்வரத்திலும் நாகையிலும் ஓட்டுப் போய்விடுமே! அதே ஆண்டில் நம் அரசுகளும் இழுவையை விட்டு ஆழ்கடலுக்குப் போகச் சொல்லி, 80 லட்ச ரூபாய் படகுக்கு 70 சதவீதம் மானியம் அறிவித்தன. இலக்கு 2,000 படகுகள். நடந்தது அதில் மிகச் சிறு பகுதி. எனக்கு ஆத்திரம் வருவது இங்கேதான். தீவுக்காகக் கத்திய ஒரு குரலாவது இந்தத் திட்டம் ஏன் படுத்துவிட்டது என்று கேட்டிருக்கலாம்.

காசிமேட்டையே பாருங்கள். நம் படகு நெல்லூர்ப் பக்கம் கரையை ஒட்டி வலை இழுத்தால் அங்குள்ள மீனவர்கள் படகோடு பிடித்து வைத்துக்கொள்கிறார்கள். பெரிய படகுக்கும் சின்ன வலைக்கும் நடக்கும் அதே சண்டைதான். இங்கிருந்து சங்கத்து ஆட்கள் போவார்கள், அங்கே ஊர்ப் பெரியவர்கள் உட்காருவார்கள், தண்டம் பேசிப் படகை மீட்டு வருவார்கள். அந்தச் சண்டையைச் சொல்லி யாரும் ஆட்சியைப் பிடிக்க முடியாது. அதனால் அது பேசித் தீர்கிற அளவிலேயே நிற்கிறது.

அதற்காக உள்ளூர் அரசியல் விலகி நிற்க வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். 2011-ல் வங்கதேசத்தோடு டீஸ்டா நதி நீரைப் பங்கிடும் ஒப்பந்தம், அப்போதைய மேற்கு வங்க முதல்வர் மம்தா பானர்ஜி மறுத்ததால் நின்றது. வங்கதேசத்துக்கு அது பெரிய ஏமாற்றம். ஆனால் வடக்கு வங்காள விவசாயியின் தண்ணீர்ப் பயத்தை டெல்லியில் யாராவது சொல்லத்தானே வேண்டும்? உள்ளூர்க்காரன் பேசுவதில் தப்பில்லை. அவன் பெயரைச் சொல்லிக்கொண்டு வேறு எதையோ பேசுவதுதான் தப்பு.

2014 ஜனவரியில் இரு கரை மீனவர்களும் சென்னையில் உட்கார்ந்து பேசினார்கள். மே மாதம் கொழும்பில், 2015 மார்ச்சில் மறுபடி சென்னையில். ஆண்டுக்கு 83 நாள், மூன்று வருடம் மட்டும் அனுமதியுங்கள் என்று நம்மவர்கள் கேட்டார்கள். அந்தப் பக்கம் ஒத்துக்கொள்ளவில்லை. ஆனாலும் பேச்சு நாள் கணக்குக்கும் வலைக் கணக்குக்கும் வந்திருந்தது. அடுத்த முறை உங்கள் தெருவுக்கு ஓட்டுக் கேட்டு வருபவரிடம் தீவை விடுங்கள், அந்தப் பேச்சை மறுபடி எப்போது கூட்டுவீர்கள் என்று கேளுங்கள்.