எறும்பு டீச்சரிடம் சில கேள்விகள்

முப்பது வருடம் பள்ளியில் விலங்கியல் நடத்தி ஓய்வு பெற்றவள் நான். வாசற்படியில் குனிந்து உட்கார்ந்து எறும்பு பார்ப்பதைக் கண்டு தெருப்பிள்ளைகள் வைத்த பெயர் 'எறும்பு டீச்சர்'. எறும்பைப் பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொன்னதுதான் தாமதம், கேள்விகள் சாரை கட்டிவிட்டன. திரும்பத் திரும்ப வந்தவற்றைச் சேர்த்து இங்கே பதில் சொல்கிறேன்.

என் ஆறு வயதுப் பையன் செல்போனைக்கூட விட்டுவிட்டுச் சுவரில் போகும் எறும்பையே பார்த்துக்கொண்டு நிற்கிறான் டீச்சர். அவனுக்கு வேறு என்ன காட்டலாம்? (ஈரோட்டிலிருந்து ஓர் அம்மா)

முதலில் அவனுக்கு என் வாழ்த்தைச் சொல்லிவிடுங்கள். நாளைக்குச் சாரை போகும்போது, நடுவில் இடைவெளி விழும் நேரம் பார்த்து, குறுக்கே விரலால் அழுத்தி ஒரு கோடு இழுக்கச் சொல்லுங்கள். எறும்பை நசுக்க வேண்டாம். அடுத்து வரும் எறும்பு அந்த இடத்தில் டக்கென்று நிற்கும். உணர்கொம்பை இப்படியும் அப்படியும் ஆட்டும். ஒன்றிரண்டு வந்த வழியே திரும்பும், பின்னால் வருபவை முட்டிக்கொள்ளும். கொஞ்ச நேரத்தில் ஏதோ ஒன்று துணிந்து கடக்கும், அதன் பின்னால் மற்றவையும் போகும், சாரை மறுபடி ஒட்டிக்கொள்ளும்.

வயிற்று நுனியால் தரையில் தொட்டுத் தொட்டு வைத்துப்போகும் வாசனைதான் அவற்றுக்கு ரோடு. அதைத்தான் விரல் அழித்துவிட்டது. தீனிக்குப் போக இரண்டு வழி இருந்தால், குட்டை வழியில் போனது சீக்கிரம் திரும்பும், அதனால் அந்த வழியில் வாசனை சீக்கிரம் ஏறும். மற்றவை அந்தப் பக்கம் சாயும். எந்த எறும்பும் ஸ்கேல் வைத்து அளக்கவில்லை. இதையே கணக்காக மாற்றி 1992-இல் இத்தாலியின் மிலான் நகரில் மார்க்கோ டோரிகோ முனைவர் பட்டம் வாங்கினார். லாரிகளுக்கு ரூட் போடுவது போன்ற வேலைகளுக்கு இன்று அந்த முறையைப் பயன்படுத்துகிறார்கள். பையன் பின்னாளில் ஐடிக்குப் போனாலும் சுவரில் போட்ட கோடு வீண் போகாது.

காலேஜ் படிக்கும் மகன் பத்து மணிக்குத்தான் எழுந்திருக்கிறான். எறும்பைப் பார்த்துச் சுறுசுறுப்பைக் கற்றுக்கொள் என்று தினமும் திட்டுகிறேன். நீங்களும் நாலு வார்த்தை எழுதுங்கள் மேடம். (ஓர் அப்பா)

தப்பான ஆளிடம் வந்துவிட்டீர்கள் சார்.

அமெரிக்காவின் அரிசோனா பல்கலைக்கழகத்தில் டெம்னோதொராக்ஸ் என்ற குட்டி எறும்பின் கூடுகளை எடுத்து, ஒவ்வோர் எறும்பின் உடம்பிலும் வண்ணப்பொட்டு வைத்து, யார் என்ன செய்கிறார்கள் என்று வீடியோ எடுத்தார்கள். வேலைக்கார எறும்புகளில் ஏறக்குறைய 40 சதவீதம் பெரும்பாலான நேரம் சும்மாவே இருந்தன. ஷிப்ட் முடிந்து ஓய்வெடுக்கின்றன என்றும் சொல்ல முடியாது. எப்போது பார்த்தாலும் அதே எறும்புகள்தான் சும்மா இருந்தன.

அப்புறம் ஆய்வாளர்கள் ஒரு குறும்பு செய்தார்கள். நன்றாக உழைக்கும் எறும்புகளைக் கூட்டிலிருந்து எடுத்துவிட்டார்கள். ஒரு வாரத்துக்குள் சும்மா இருந்தவற்றில் சில எழுந்து அந்த வேலைகளைச் செய்ய ஆரம்பித்தன. அடுத்து, சும்மா இருப்பவற்றை எடுத்துப் பார்த்தார்கள். அந்த இடத்துக்கு யாருமே வரவில்லை, கூடு பாட்டுக்கு நடந்தது. ஆபத்துக் காலத்துக்கு வைத்திருக்கும் ஸ்டெப்னி என்று எடுத்துக்கொள்ளலாம். உங்கள் மகன் இதைப் படித்துவிட்டு உங்களிடம் காட்டினால் நான் பொறுப்பில்லை.

எறும்பு முட்டையைத் தூக்கிக்கொண்டு மேட்டுக்குப் போனால் மழை வரும் என்று எங்கள் ஆச்சி சொல்வாங்க. நிஜமா?

உங்கள் ஆச்சி புறநானூற்றுக் கட்சி. 173-ஆவது பாட்டில், பண்ணன் என்ற வள்ளல் வீட்டில் சோறு வாங்கிக்கொண்டு கையில் ஏந்தியபடி வரிசையாகப் போகும் சிறுவர்களுக்கு உவமையாக வருவது, மழைக்கு முன் முட்டையோடு மேட்டு நிலம் சேரும் எறும்புச் சாரைதான். பாடியவர் சோழன் கிள்ளிவளவன். அரசர் ஒருவர் எறும்பை இவ்வளவு கிட்டத்தில் பார்த்திருக்கிறார் என்பதே எனக்குப் பெரிய சந்தோஷம்.

ஒரு திருத்தம் மட்டும். நாம் முட்டை என்று சொல்லும் அந்த வெள்ளை அரிசி பெரும்பாலும் புழுவோ கூட்டுப்புழுவோதான். உண்மையான முட்டை தூசு மாதிரி இருக்கும். எறும்புகள் தங்கள் குஞ்சுகளை ஈரத்துக்கும் சூட்டுக்கும் தக்கபடி கூட்டுக்குள்ளேயே மேலும் கீழுமாக இடம் மாற்றிக்கொண்டே இருக்கும். ஈரம் தாங்காமல் போனால் வெளியே கிளம்பும். நீங்கள் பூந்தொட்டிக்கு ஒரு குடம் ஊற்றினாலும் அதே ஊர்வலத்தைப் பார்க்கலாம். அதை நம்பித் துணி காயப்போடாமல் இருக்காதீர்கள்.

ராணி எறும்பு உத்தரவு போட, மற்றவை கீழ்ப்படியும். நிர்வாகத்துக்கு இது நல்ல உதாரணம்தானே? (மனிதவளத்துறையில் வேலை செய்பவர்)

ராணி உத்தரவே போடுவதில்லை. அவள் வேலை முட்டையிடுவது. ஆயுசு மட்டும் அபாரம். ஐரோப்பாவின் கறுப்புத் தோட்ட எறும்பு ராணி ஒன்று ஆய்வகத்தில் 28 வருடத்துக்கு மேல் உயிரோடு இருந்தது.

உதாரணம்தான் வேண்டும் என்றால் நம் தென்னிந்தியக் குதிக்கும் எறும்பைப் பாருங்கள். அறிவியல் பெயர் ஹார்பெக்னாதோஸ் சால்டேட்டர். மதராஸ் ராணுவத்தில் டாக்டராக இருந்த ஜெர்டன் 1851-இல் இதை முதலில் பதிவு செய்தார். பெரிய கண், நீண்ட தாடை, தனியாக வேட்டை, ஆபத்து வந்தால் ஒரே தாவல். ராணி செத்துவிட்டால் வேலைக்கார எறும்புகள் உணர்கொம்பால் ஒன்றையொன்று அடித்து, நாள்கணக்கில் போட்டி போடும். ஜெயிப்பவை முட்டையிடும் பதவிக்கு வரும். மாதக்கணக்கில் இருந்த ஆயுள் வருடக்கணக்காக நீளும், மூளை சுமார் ஐந்தில் ஒரு பங்கு சுருங்கும். அதையே பிடித்துத் தனியே வைத்துப் பதவியை இறக்கினால் மூளை பழைய அளவுக்கு வளர்ந்துவிடும்! 2021-இல் வெளிவந்த ஆய்வு இது. உங்கள் ஆபீஸ் மீட்டிங்கில் சொல்வதும் சொல்லாததும் உங்கள் சாமர்த்தியம்.

செத்த எறும்பை மற்ற எறும்புகள் தூக்கிக்கொண்டு போவதைப் பார்த்தால் மனசு கஷ்டமாக இருக்கிறது. அவற்றுக்கும் துக்கம் உண்டா?

எறும்பு செத்து ஓரிரு நாளில் அதன் உடம்பில் ஒலியிக் அமிலம் உண்டாகிறது. அந்த வாசனை வந்தால் அது குப்பை, குப்பைமேட்டில் போட வேண்டும், அவ்வளவுதான். 1950-களில் எறும்பு ஆராய்ச்சியாளர் எட்வர்ட் வில்சன் உயிருள்ள எறும்பின் மேல் அந்த அமிலத்தைத் தடவிப் பார்த்தார். மற்றவை வந்து, காலை உதைத்துத் திமிறத் திமிற அதைத் தூக்கிப்போய்ப் பிணங்களோடு போட்டன. அது எழுந்து வந்தால் மறுபடி தூக்கிப் போட்டன. உடம்பை நக்கிச் சுத்தம் செய்துகொள்ளும்வரை அதற்கு வீட்டில் இடமில்லை. நான் உயிரோடுதான் இருக்கிறேன் என்று ஆபீஸ் ஆபீஸாக அலைந்து நிரூபித்த பென்ஷன்காரர்களுக்கு இந்த எறும்பின் கஷ்டம் புரியும்.

ஆனால் காயம்பட்ட எறும்பின் கதை வேறு. ஃபுளோரிடாவில் ஒரு வகைக் கட்டெறும்பு, தோழியின் தொடையில் காயம் என்றால் அந்தக் காலை மேலிருந்து கடித்தே துண்டித்துவிடுகிறது. கிருமி உடம்புக்குள் ஏறாமல் அது பிழைத்துக்கொள்கிறது. காலின் கீழ்ப்பகுதியில் காயம் என்றால் வெட்டுவதில்லை, நக்கிச் சுத்தம் செய்வதோடு சரி. 2024-இல் இதைப் படித்தபோது ஆறிப்போன காபியோடு உட்கார்ந்திருந்தேன்.

யானைத் துதிக்கையில் எறும்பு புகுந்தால் யானை செத்துப்போகுமா? (ஏழாம் வகுப்பு மாணவி)

சாகாது கண்ணு. ஆனால் யானைக்கு எறும்பென்றால் ஆகாது, அது நிஜம். கென்யாவில் ஒரு வகை வேலமரம் தன் முள்ளில் எறும்புக்கு வீடு கொடுக்கிறது. யானை கிளையில் கை வைத்தால் எறும்புகள் துதிக்கைக்குள் புகுந்து கடிக்கும். அதனால் எறும்பு இருக்கும் மரத்தை யானை தொடுவதில்லை.

பிறகு அங்கே வெளியூரிலிருந்து பெருந்தலை எறும்பு வந்து காவல்கார எறும்புகளை அழித்தது. யானைகள் மரங்களை முறித்துத் தள்ளின. காடு வெட்டவெளியானதும் சிங்கம் மறைந்திருந்து வரிக்குதிரையைப் பிடிக்க இடமில்லை. 2003-இல் சிங்கம் அடித்தவற்றில் 67 சதவீதம் வரிக்குதிரை. 2020-இல் அது 42 சதவீதமாக இறங்கி, சிங்கம் காட்டெருமைப் பக்கம் திரும்பிவிட்டது. எல்லாம் ஓர் எறும்பு வந்ததால்.

செம்பருத்தியில் மாவுப்பூச்சி, கூடவே எறும்பு. எறும்புதான் அதைச் சாப்பிட்டு அழிக்கிறது என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர்.

தலைகீழ். மாவுப்பூச்சி வெளியேற்றும் இனிப்புத் திரவத்துக்காக எறும்பு அதை மாடு மாதிரி மேய்க்கிறது. பொறிவண்டு மாவுப்பூச்சியைத் தின்ன வந்தால் துரத்திவிடுகிறது. தண்டில் துணி சுற்றி அதன் மேல் கிரீஸ் தடவுங்கள், எறும்பு ஏறாது. பூச்சியைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவிவிட்டு, வேப்பெண்ணெயைச் சோப்புக் கரைசலில் கலந்து தெளியுங்கள்.

ஈசலும் எறும்புதானே?

இல்லை. ஈசல் என்பது இறக்கை முளைத்த கறையான். கறையான் கரப்பான்பூச்சிக்குச் சொந்தம், எறும்பு குளவிக்குச் சொந்தம்.

எங்கள் மாமரத்தில் முசுறு எறும்பு. ஏறிக் காய் பறிக்க முடியவில்லை. மருந்தடித்துவிடலாமா அக்கா? (தோப்பு வைத்திருக்கும் தம்பி)

கொஞ்சம் பொறு தம்பி. சின்ன வயதில் மாங்காய்க்கு ஏறி, முசுறு கடித்து, மரத்திலிருந்தே குதித்தவள் நான். கடித்த இடத்தில் வயிற்றை வளைத்து அமிலத்தையும் பீய்ச்சுமே, அந்த எரிச்சல் எனக்குத் தெரியும். ஆனாலும் சொல்கிறேன், மருந்தடிப்பதற்கு முன் ஒரு நாள் காலையில் அது கூடு கட்டுவதைப் பார்.

இலையின் விளிம்பில் ஏழெட்டு முசுறு வரிசையாக நின்று, பின்னங்காலை ஓர் இலையில் ஊன்றி, பக்கத்து இலையைத் தாடையால் கவ்வி இழுக்கும். எட்டவில்லை என்றால் ஒன்றின் இடுப்பை இன்னொன்று பிடித்துச் சங்கிலி போடும். இரண்டு இலையும் கிட்டே வந்ததும் கூட்டுக்குள்ளிருந்து ஒன்று தன் புழுவை வாயில் கவ்விக்கொண்டு வரும். அந்தப் புழுவின் வாயை இந்த இலையில் ஒரு தொடு, அந்த இலையில் ஒரு தொடு. தொடும் இடமெல்லாம் வெள்ளை இழை. தையல் மெஷினில் பாபின் ஓடுவது மாதிரியே இருக்கும். புழு தனக்குக் கூடு நெய்ய வைத்திருக்க வேண்டிய பட்டு இழையை வீட்டுக்குக் கொடுத்துவிடுகிறது. அதனால் முசுறுக் குஞ்சுக்குத் தனிக் கூடே கிடையாது.

லாபத்துக்கு வருவோம். மரத்தில் வரும் புழு, வண்டு, நாவாய்ப்பூச்சி எல்லாம் முசுறுக்குத் தீனி. கி.பி. 304-இலேயே சீனாவில் ஆரஞ்சுத் தோட்டக்காரர்கள் முசுறுக் கூட்டைச் சந்தையில் விலைக்கு வாங்கி மரத்தில் கட்டியதாகப் பதிவு இருக்கிறது. ஒடிசாவின் மயூர்பஞ்சில் இதையே அரைத்துச் சட்னி செய்கிறார்கள், 2024-இல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. உன் மரத்திலும் மாவுப்பூச்சியைச் சேர்த்து மேய்த்தால் அது நஷ்டக்கணக்கு, அந்தக் கிளையை மட்டும் வெட்டி எடு. மற்றபடி நீள வாரிக்கொம்பில் வலை கட்டிப் பறித்துக்கொள். முழங்கை வரை சாம்பல் பூசிக்கொள்ளும் பழக்கமும் உண்டு.

வாசலில் கோலம் போடுவதே எறும்புக்குச் சாப்பாடு போடத்தானே? (கும்பகோணத்திலிருந்து ஒரு மாமி)

அரிசி மாவில் போட்டால் சரி மாமி. இப்போது கடையில் வாங்குவது கல் மாவு, எறும்பு மோந்துவிட்டுப் போய்விடும். நானும் சோம்பல்பட்டுக் கல் மாவில்தான் இழுக்கிறேன். புள்ளிகளை மட்டும் அரிசி மாவில் வைப்பேன். எட்டு மணிக்குள் புள்ளிகளைக் காணோம், வெறும் கோடுகள் மட்டும் வளைந்து வளைந்து நிற்கும். என்ன கோலம் டீச்சர் இது, புள்ளியே வைக்காமல் என்று பால்காரர் தினமும் கேட்கிறார்.