கடலோர ஊரில் ஒயின் சேமிப்பு: கேட்டவர்களுக்குப் பதில்கள்

குளிர்பதன வேலையில் 24 வருஷமாக இருக்கிறேன். புதுச்சேரியில் பிரான்ஸிலிருந்து வரும் சொந்தக்காரர்கள் கொண்டுவருவதும் இங்கே கடையில் வாங்குவதுமாகப் பத்து பாட்டில் நூறாகிவிடுகிறது. எங்கே வைப்பது என்று பலரும் கேட்டதால் இன்று உட்கார்ந்து பதில் எழுதுகிறேன். எந்த ஒயின் ருசி என்று கேட்காதீர்கள், அது என் துறை இல்லை.

லாஸ்பேட்டை: சார், 20 பாட்டிலில் ஆரம்பித்தது இப்போது 70. ஒரு ஒயின் ஃபிரிட்ஜ் வாங்கினால் போதுமா?

முதலில் அந்த 70-ஐப் பிரியுங்கள். ரோஸே (இளஞ்சிவப்பு ஒயின்), சாதாரண வெள்ளை, நாசிக் ஒயின்களில் பெரும்பாலானவை எல்லாம் ஓரிரு வருஷத்தில் குடித்துவிட வேண்டியவை. பத்து வருஷம் காத்திருக்கத் தகுந்தது 15, 20 பாட்டில்தான் தேறும். அதற்குத்தான் செலவு செய்ய வேண்டும்.

வாங்கும்போது மூன்று விஷயம் பாருங்கள். பின்பக்கத் தகட்டில் பருவநிலை வகுப்பு போட்டிருக்கும். 'என்' என்றால் அறை வெப்பம் 32 டிகிரி வரைக்கும், 'எஸ்டி' 38 வரைக்கும், 'டி' 43 வரைக்கும். நம் ஊர் மே மாதத்துக்கு 'டி' தவிர வேறு வேண்டாம். அடுத்தது, கம்ப்ரஸர் உள்ளதாக இருக்கட்டும். சத்தமே இல்லை என்று விற்கிற தெர்மோஎலக்ட்ரிக் பெட்டி அறை வெப்பத்திலிருந்து பத்துப் பன்னிரண்டு டிகிரிதான் இறக்கும். அறை 36 என்றால் உள்ளே 24. மூன்றாவது, '50 பாட்டில்' என்று எழுதியிருப்பது ஒல்லியான போர்தோ பாட்டில் கணக்கு. வயிறு பருத்த பர்கண்டியும் ஷாம்பேனும் சேர்ந்தால் நாற்பதுக்குள்ளேயே நிரம்பிவிடும். வளரும் சேகரிப்பு என்றால் இன்றைய தேவையைப் போல இரண்டு மடங்கு வாங்குங்கள்.

வாங்கிய அன்றே உள்ளே ஒரு தனி வெப்பமானி வையுங்கள். கதவில் ஒளிரும் எண்ணை நம்பாதீர்கள்.

முத்தியால்பேட்டை: வீட்டு ஃபிரிட்ஜிலேயே வைக்கலாமா அண்ணா?

ஒரு மாதம், இரண்டு மாதம் வைக்கலாம். வருஷக்கணக்கில் கூடாது. அங்கே 4 டிகிரி, காற்று வறட்சி. கார்க் காய்ந்து சுருங்கினால் காற்று உள்ளே போகும். ஒயினுக்கு வேண்டியது 12, 13 டிகிரியும் 60–70 சதவீத ஈரப்பதமும்.

ஒயிட் டவுன்: தாத்தா காலத்துப் பிரெஞ்சு வீடு. தரைக்குக் கீழே ஒரு அறை இருக்கிறது. பிரான்ஸில் எல்லோரும் நிலவறையில்தானே வைக்கிறார்கள்? சுத்தம் செய்து அதையே பயன்படுத்த நினைக்கிறேன்.

வேண்டாம். மாதத்துக்கு ஒருவராவது இதைக் கேட்கிறார்கள், அதனால் விரிவாகச் சொல்கிறேன்.

மண்ணுக்குக் குளிர்விக்கும் சக்தி கிடையாது. ஆழம் போகப் போக வெயில் காலமும் மழைக்காலமும் சமமாகி, அந்த ஊரின் வருஷச் சராசரி வெப்பம் மட்டும் மிஞ்சும். போர்தோவில் அந்தச் சராசரி சுமார் 13, 14. ரெய்ம்ஸில் ஷாம்பேன் வைக்கிற சுண்ணாம்புச் சுரங்கங்களில் 10 முதல் 12. அவர்களுக்கு மண்ணே ஃபிரிட்ஜ். நமக்கு வருஷச் சராசரி ஏறக்குறைய 28. எவ்வளவு ஆழம் தோண்டினாலும் கிடைப்பது அந்த 28தான். அதோடு கடற்கரைப் பக்கம் நிலத்தடி நீர் மேலேயே இருக்கிறது, ஐப்பசி கார்த்திகையில் சுவர் வியர்க்கும்.

அதே கேள்விக்கு வில்லியனூரிலிருந்து மறுப்பு: எங்கள் கிணற்றுத் தண்ணீர் சித்திரையில் ஜில்லென்று இருக்கிறதே சார், நீங்கள் சொல்வது ஒத்துவரவில்லை.

நல்ல கேள்வி. அதே கிணற்றில் மார்கழி விடியற்காலையில் இறைத்துப் பாருங்கள், வெதுவெதுப்பாக இருக்கும். தண்ணீர் மாறவில்லை, உங்கள் தோலைச் சுற்றிய காற்றுதான் மாறியது. 38 டிகிரி வெயிலில் நிற்பவருக்கு 28 ஜில்லென்று இருக்கும். ஒயினுக்கு அது சூடு. வெப்பம் பத்து டிகிரி ஏறினால் உள்ளே நடக்கும் வேதி மாற்றம் ஏறக்குறைய இரட்டிப்பாகும். பத்து வருஷத்தில் பக்குவப்பட வேண்டியது மூன்று நான்கு வருஷத்தில் தளர்ந்துவிடும்.

மறுபடியும் ஒயிட் டவுன்: அப்படியானால் அரிக்கமேட்டில் ரோமானியர் ஒயின் ஜாடிகள் கிடைத்ததே? இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்பு இதே வெயிலில் வைக்கவில்லையா?

1945-இல் தொல்லியல் அறிஞர் வீலர் தோண்டியபோது ஆம்போரா துண்டுகள் கிடைத்தது உண்மை, நம் ஊருக்குப் பெருமையான விஷயம். ஆனால் ஆம்போரா சரக்கு ஏற்றும் பாத்திரம். ஒயின் இங்கே வந்தது என்பதற்கு அது சாட்சி. பத்து வருஷம் வைத்துப் பழக்கினார்கள் என்பதற்குச் சாட்சி இல்லை. ஒயின் ஜாடிகளின் உள்பக்கம் பிசின் பூசுவார்கள், அந்த வாசனையும் ஒயினில் இறங்கும். இன்றைய பாட்டிலோடு அதை ஒப்பிட முடியாது.

வில்லியனூர்: மண் கொஞ்சமாவது உதவாதா?

உதவும், ஒரே வகையில்: ஏற்ற இறக்கத்தைக் குறைக்கும். மொட்டை மாடிக்குக் கீழே இருக்கும் அறையை விட நிலவறை மேல்தான். ஆனால் 28-ஐ 13 ஆக்க எந்திரம் வேண்டும், அந்தக் குளிரைப் பிடித்து வைக்கச் சுவரில் காப்பு வேண்டும். நம் கடற்கரையில் குளிர் இலவசமாகக் கிடைக்காது. இந்த விவாதத்தை இத்துடன் முடிக்கிறேன், மற்றவர்கள் காத்திருக்கிறார்கள்.

அரியாங்குப்பம்: 300 பாட்டில். ஃபிரிட்ஜ் கட்டுப்படியாகாது. ஒரு அறையையே ஒதுக்கினால்?

300 தாண்டினால் அறைதான் சரி. வெளிச்சுவர் இல்லாத, ஜன்னல் இல்லாத நடு அறையாகப் பாருங்கள். சுவருக்கு நான்கு அங்குல பஃப் பேனல் (நுரைக் காப்புப் பலகை), கூரைக்கு இன்னும் தடிமனாக. துறைமுகங்களில் மீனுக்குக் குளிர் அறை கட்டும் ஆட்களே இதைச் செய்துவிடுவார்கள். ஆனால் ஒன்றைக் கூடவே நின்று பாருங்கள்: ஈரத்தைத் தடுக்கும் ஷீட் காப்பின் வெளிப்பக்கம், அதாவது சூடான பக்கம் வர வேண்டும். குளிர் நாட்டுப் படங்களைப் பார்த்து உள்பக்கம் ஒட்டினால் காப்புக்குள் தண்ணீர் கோத்து இரண்டே வருஷத்தில் பூஞ்சை பிடிக்கும்.

சாதாரண ஸ்ப்ளிட் ஏசி 16-க்குக் கீழே போகாது, ஏமாற்றி இறக்கினால் காயிலில் ஐஸ் கட்டும். 13 வேண்டுமென்றால் குளிர் அறைக்கான யூனிட் போடுங்கள். பணம் போதவில்லையா, ஏசியை 17-இல் அசையாமல் நிறுத்துங்கள். பகலில் 16, இரவில் அணைத்து 27 என்பதை விட அது எவ்வளவோ நல்லது. வெளி யூனிட்டை உப்புக்காற்று நேராக அடிக்கும் பக்கம் வைக்காதீர்கள். வெப்பமானி இங்கேயும் வேண்டும், பாட்டில் மட்டத்தில்.

நெல்லித்தோப்பு: ஃபிரிட்ஜில் காய்கறித் தட்டில் வைத்தால் பரவாயில்லையா?

முத்தியால்பேட்டைக்குச் சொன்னதுதான்.

கடலூர் மஞ்சக்குப்பம்: புதுச்சேரியில் வாங்கி இங்கே வீட்டில் சேர்க்க ஆசை. எத்தனை பாட்டில் கொண்டுவரலாம்?

என்னிடம் கேட்க வேண்டியது இல்லை, கலால் அலுவலகத்தில் கேளுங்கள். கேட்காமல் முள்ளோடை எல்லையைத் தாண்டாதீர்கள். புதுச்சேரிக்குள்ளேயே சேர்ப்பவர்களும் வீட்டில் எவ்வளவு வைக்க அனுமதி என்று முதலில் விசாரியுங்கள்.

கடலூர் முதுநகர்: மீன் கோல்ட் ஸ்டோரேஜில் வாடகைக்கு ஒரு மூலை எடுத்தால்?

கூடாது. உறைந்த மீனை வைப்பது மைனஸ் 18-இல். ஒயின் மைனஸ் 6 வாக்கிலேயே உறைந்து கார்க்கைத் தள்ளிவிடும்.

ரெட்டியார்பாளையம்: திருகுமூடி பாட்டிலையும் படுக்க வைக்கணுமா?

தேவையில்லை. கார்க் போட்டதை மட்டும் படுக்க வையுங்கள்.

காலாப்பட்டு: ஃபிரிட்ஜில் வைத்தால் என்ன ஆகும் ஐயா?

மூன்றாவது முறை வரும் கேள்வி. மேலே படித்துவிட்டுக் கேளுங்கள் தம்பி.

உப்பளம்: புயல் வந்து நாலு நாள் கரண்ட் இல்லை என்றால்?

நிறைந்த பெட்டி மெதுவாகத்தான் சூடேறும். கதவைத் திறக்காமல் இருந்தால் கார்த்திகைக் குளிரில் நாலு நாளில் பெரிய சேதம் ஆகாது. ஆபத்து கரண்ட் திரும்பி வரும்போது. 2011 டிசம்பர் 30 தானே புயலுக்குப் பிறகு நான் பராமரித்த ஒரு உணவகத்தில் மின்சாரம் ஏறி இறங்கி வந்து கண்ட்ரோல் போர்டு எரிந்துவிட்டது. கடை பூட்டியிருந்ததால் யாருக்கும் தெரியவில்லை. பொங்கல் கழித்துத் திறந்தபோது உள்ளே வெளியே இருந்த அதே சூடு. நான் அங்கே ஸ்டெபிலைசர் போட்டிருக்க வேண்டும், போடவில்லை. இன்றும் அது மனதை அறுக்கிறது. நேரத் தாமதம் உள்ள ஸ்டெபிலைசர் போடுங்கள். வெப்பம் 18 தாண்டினால் போனுக்குச் செய்தி அனுப்பும் வெப்பமானி இப்போது சுலபமாகக் கிடைக்கிறது.

ரெயின்போ நகர்: 2024 ஃபெஞ்சல் மழையில் வீட்டுக்குள் தண்ணீர். கீழ்த்தட்டில் இருந்த பன்னிரண்டு பாட்டில் முழுகிவிட்டது. லேபிள் போனாலும் ஒயின் நன்றாக இருக்குமா? அப்பா வாங்கி வைத்தது.

ஈரக்காற்றில் லேபிளில் பூஞ்சை பூத்தது மட்டும் என்றால் துடைத்துவிட்டுக் குடியுங்கள் என்பேன். சாக்கடை கலந்த வெள்ளத்தில் முழுகியவற்றைக் குடிக்காதீர்கள். கார்க்கும் சரி, திருகுமூடியும் சரி, அந்தத் தண்ணீரைத் தடுத்தது என்று உறுதி சொல்ல முடியாது. அப்பா நினைவாக ஒரு பாட்டிலைக் கழுவித் திறக்காமல் வைத்துக்கொள்ளுங்கள். புது அலமாரியின் கீழ்த்தட்டு அன்று தண்ணீர் நின்ற கோட்டுக்கு ஒரு அடி மேலே இருக்கட்டும். சுவரில் அந்தக் கறை இன்னும் தெரியும், அதிலிருந்தே அளந்துகொள்ளுங்கள்.