வயசுக்கே வராத பொண்ணுக்கு எதுக்கு இந்த ஊசி?

வணக்கம் அக்கா. என் பொண்ணுக்கு 11 வயசு. டாக்டர் ஹெச்பிவி தடுப்பூசி போடச் சொல்றாங்க. வீட்டுக்காரர், "இன்னும் வயசுக்கே வரல, கல்யாணத்துக்கு முன்னாடி பாத்துக்கலாம்"ங்கிறார். நாளைக்கு குழந்தை பிறக்காம போயிட்டா யார் பதில் சொல்றதுன்னு மாமியார் பயப்படறாங்க. எதுக்கு ஊசின்னு அவளே கேட்டா என்ன சொல்றதுன்னு எனக்கும் தெரியல.
ஒரு வாசகி

வணக்கம்மா. வயசுக்கு வரலங்கிறதுதான் இப்பவே போடறதுக்குக் காரணமே. கர்ப்பப்பை வாய் கேன்சர வரவைக்கற இந்த ஹெச்பிவி வைரஸ் உடலுறவுல பரவறது, ஊசி அதை முன்கூட்டியே தடுக்கும், உள்ள வந்து உக்காந்துட்டா வெளிய தள்ளாது, அதனாலதான் உலக சுகாதார நிறுவனம் 9லேர்ந்து 14 வயசுக்குள்ளன்னு சொல்லுது. இங்கிலாந்துல 12, 13 வயசுல போட்டுக்கிட்ட பொண்ணுங்களுக்கு கர்ப்பப்பை வாய் கேன்சர் 87 சதவீதம் குறைஞ்சிருக்கு, அதே ஊசிய 16லேர்ந்து 18 வயசுல போட்டவங்களுக்கு 34 சதவீதம்தான். கல்யாணம் வரைக்கும் காத்திருந்தா என்ன ஆகும்னு அவருக்கு இந்த ரெண்டு நம்பரையும் காட்டுங்க.

மாமியார் பயப்படறது பேத்தி மேல இருக்கற பாசத்துல, அவங்கள கோச்சுக்காதீங்க. ஊசில உயிருள்ள வைரஸ் கிடையாது, அதோட மேல்கூடு மாதிரி செஞ்ச வெறும் புரதம்தான், அதால மலட்டுத்தன்மை வரும்னு எந்த ஆதாரமும் இல்ல. கை வலிக்கும், லேசா காய்ச்சல் வரலாம், இந்த வயசுப் பிள்ளைங்க சிலது ஊசி போட்டதும் மயங்கிடும், அதனால கால்மணி நேரம் அங்கயே உக்கார வைங்க. ஆனா இந்த கேன்சர் வந்தா பல பேருக்கு கர்ப்பப்பையவே எடுக்க வேண்டி வருது, அதையும் அவங்ககிட்ட சொல்லுங்க.

பயம் என்ன பண்ணும்ங்கறதுக்கு ஜப்பான் இருக்கு. பக்கவிளைவுன்னு கிளம்பின பேச்சுல 2013ல அரசாங்கம் பரிந்துரை பண்றத நிறுத்திடுச்சு, 70 சதவீதம் பக்கம் போட்டுட்டிருந்தது 1 சதவீதத்துக்கும் கீழ போயிடுச்சு, திரும்ப ஆரம்பிக்க 2022 ஆச்சு. நடுவுல வளந்த பொண்ணுங்கள நினைச்சா எனக்கு மனசு ஆறல.

இன்னொன்னு, யாரும் வாய்விட்டு சொல்றதில்ல, ஊசி போட்டா பொண்ணுக்கு தைரியம் வந்து தப்பான வழிக்குப் போயிடுவாளோன்னு. நிறைய ஆய்வுல பாத்துட்டாங்க, அப்படி எதுவும் நடக்கல. பொண்ணுகிட்ட "பெரியவளானப்புறம் ஒரு கேன்சர் வராம இருக்க"ன்னு சொன்னா போதும், அவ அடுத்து கேக்கப் போறது "வலிக்குமா"ன்னுதான்.

லெட்டர்ல உங்களப் பத்தி ஒரு வரி கூட இல்லயேம்மா. 30 தாண்டியிருந்தா கர்ப்பப்பை வாய் ஸ்கிரீனிங் டெஸ்ட் நீங்களும் பண்ணிக்கணும், அவளக் கூட்டிட்டுப் போற அன்னிக்கே டாக்டர்கிட்ட கேளுங்க.