கேள்வி–பதில்: திருகோணமலை என்ற பெயரில் ஒரு கப்பல் நிற்கும் ஊர்

சென்ற இதழில், இங்கிலாந்தின் வடகிழக்குக் கடற்கரையில் உள்ள ஹார்ட்டில்பூல் நாடாளுமன்றத் தொகுதியைப் பற்றி ஒரு வாசகர் கேட்டிருந்தார். இரண்டே வரிகளில் விடை சொல்லி முடித்துவிட்டோம். அது போதாது என்று வடசென்னையிலிருந்து வந்த கடிதங்களில் சிலவற்றை இம்முறை ஒன்றாக எடுத்துக்கொள்கிறோம்.

கேள்வி: என் மகள் ஹார்ட்டில்பூலில் தங்கிச் செவிலியராக வேலை பார்க்கிறாள். இந்தியப் பாஸ்போர்ட்தான் வைத்திருக்கிறாள். வீட்டுக்கு வாக்காளர் பதிவுப் படிவம் வந்திருக்கிறதாம். நிரப்பி அனுப்பினால் பின்னால் ஏதாவது சிக்கல் வருமா? (தண்டையார்பேட்டை வாசகி)

பதில்: தயங்காமல் நிரப்பி அனுப்பச் சொல்லுங்கள், அம்மா. முறையான விசாவுடன் பிரிட்டனில் குடியிருக்கும் காமன்வெல்த் நாட்டுக் குடிமக்களுக்கு, அங்கே நாடாளுமன்றத் தேர்தலிலும் வாக்குரிமை உண்டு. இந்தியரும் அதில் அடக்கம். வீடு வீடாக வரும் அந்தப் படிவத்துக்குப் பதில் அனுப்புவது அங்கே சட்டப்படிக் கடமையும்கூட. வாக்களித்ததால் இந்தியக் குடியுரிமை போய்விடாது. வேறு நாட்டுக் குடியுரிமையை வாங்கினால்தான் போகும். 2023 முதல் வாக்குச்சாவடியில் படத்துடன் கூடிய அடையாள ஆவணம் கேட்கிறார்கள். அதற்கு இந்தியப் பாஸ்போர்ட்டே போதும். காலை 7 மணி முதல் இரவு 10 மணி வரை வாக்குப்பதிவு நடப்பதால், பகல் ஷிப்ட் முடித்துவிட்டும் போகலாம். இயந்திரம் கிடையாது; வாக்குச்சீட்டில் பென்சிலால் பெருக்கல் குறி போட்டுப் பெட்டியில் போட வேண்டும். விரலில் மை வைப்பதும் கிடையாது என்பதால், மை வைத்த விரலைப் படம் பிடித்து உங்களுக்கு அனுப்ப மட்டும் அவருக்கு வழியில்லை.

கேள்வி: அதுவும் எங்கள் வடசென்னையைப் போலத் துறைமுகமும் தொழிலாளர்களும் நிறைந்த தொகுதி என்கிறார்கள். அப்படியிருக்க, தொழிற்கட்சி அங்கே தோற்றது எப்படி? (திருவொற்றியூர் வாசகர்)

பதில்: முதலில் அளவைச் சொல்லிவிடுகிறோம். 2024 தேர்தலில் நம் வடசென்னைத் தொகுதியில் ஏறத்தாழ 15 லட்சம் வாக்காளர்கள். அங்கே சுமார் 70,000 பேர்தான். நம் ஊரில் அது ஒரு சட்டமன்றத் தொகுதிக்கே போதாது. ஆனால் ஊரின் எல்லையும் தொகுதியின் எல்லையும் அங்கே ஒன்றாக இருப்பதால், அந்த உறுப்பினரைக் கடைத்தெருவில் நிறுத்தி வைத்துக் கேள்வி கேட்க முடிகிறது.

அது ஒரே ஊர் என்று நாம் நினைத்தாலும், அங்குள்ளவர்கள் அப்படி எளிதில் ஒப்புக்கொள்வதில்லை. கடலுக்குள் மூக்கை நீட்டியதுபோல் இருக்கும் ஹெட்லேண்ட் என்ற பகுதிதான் பழைய ஹார்ட்டில்பூல். மீனவர் குடும்பங்களும், செயின்ட் ஹில்டா தேவாலயமும், பழைய கோட்டைச் சுவரும் அங்கே இருக்கின்றன. டர்ஹாம் மாவட்டத்து நிலக்கரியைக் கப்பலில் ஏற்றுவதற்காக, 1840களில் ரால்ஃப் வார்டு ஜாக்சன் என்பவர் ரயில் பாதையும் கப்பல்துறையும் அமைத்து எழுப்பிய புது ஊர் வெஸ்ட் ஹார்ட்டில்பூல். 1868இல் தொகுதி உருவானபோது அவரே அதன் முதல் உறுப்பினரும் ஆனார். நகராட்சி அளவில் இரண்டு ஊர்களும் இணைந்தது 1967இல்தான். தெற்கே சீட்டன் கேரு கடற்கரை. அதையும் தாண்டினால் 1983 முதல் மின்சாரம் தரும் அணுமின் நிலையம். மேற்கே எல்விக், ஹார்ட் போன்ற சிற்றூர்கள். காசிமேட்டுக்காரரையும் கொளத்தூர்க்காரரையும் ஒரே தொகுதி என்று சொன்னால் இருவரும் எப்படிச் சிரிப்பார்களோ, ஹெட்லேண்ட்காரரும் எல்விக்காரரும் அப்படித்தான்.

கப்பல் கட்டும் தொழில் 1960களில் முடிந்தது. 1977இல் எஃகு உருக்குவதும் நின்றது. ஆனாலும் 1964 முதல் 57 ஆண்டுகள் தொழிற்கட்சியே வென்றுகொண்டிருந்தது. 2016இல் ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து விலக வேண்டும் என்று ஏறத்தாழ 70 சதவீதத்தினர் வாக்களித்தார்கள். 2019இல், அந்த விலகலையே கொள்கையாகக் கொண்ட பிரெக்ஸிட் கட்சி கால்பங்கு வாக்குகளைப் பிரித்ததால்தான் தொழிற்கட்சி தப்பியது. 2021 மே 6 அன்று நடந்த இடைத்தேர்தலில் அந்த வாக்குகள் பெரும்பாலும் கன்சர்வேட்டிவ் பக்கம் சாய, ஜில் மார்ட்டிமர் 6,940 வாக்குகள் வித்தியாசத்தில் வென்றார்.

கணக்கு இதுதான் என்றாலும், இதை வெறும் பிரெக்ஸிட் கணக்காகப் பார்ப்பது எங்களுக்குச் சரியாகப் படவில்லை. ஊர் மருத்துவமனையின் அவசரச் சிகிச்சைப் பிரிவு 2011இல் மூடப்பட்டபின், நெஞ்சுவலி என்றால் ஸ்டாக்டன் பக்கம்தான் ஓட வேண்டும் என்று ஆயிற்று; அந்த மனக்குறை ஒவ்வொரு தேர்தலிலும் பேசப்பட்டது. "இவர்கள் வேறெங்கே போய்விடப் போகிறார்கள்?" என்று ஒரு கட்சி ஒரு தொகுதியை நெடுங்காலம் பெட்டிக்குள் வைத்திருந்தால், ஒருநாள் பெட்டி திறந்து கிடக்கும். 2024இல் அந்த ஊரிலேயே பிறந்த ஜொனதன் பிராஷ் தொழிற்கட்சிக்காக அதை மீட்டார். இரண்டாம் இடம், பிரெக்ஸிட் கட்சியே பெயர் மாற்றிக்கொண்ட ரிஃபார்ம் கட்சிக்கு.

கேள்வி: துறைமுகத்தில் 30 ஆண்டு வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். அந்த ஊரில் 'திருகோணமலை' என்ற பெயரில் ஒரு கப்பல் நிற்பதாக என் பேரன் சொல்கிறான். உண்மையா, கேலி செய்கிறானா? (ராயபுரம் வாசகர்)

பதில்: பேரன் சொன்னது சரிதான், ஐயா. ஆங்கில உச்சரிப்பில் 'டிரிங்கோமலி' என்று அழைக்கப்படும் அந்தப் போர்க்கப்பல், பம்பாயில் பார்சி வாடியா குடும்பத்தாரின் கப்பல் கட்டும் தளத்தில் உருவாகி, 1817 அக்டோபர் 12 அன்று நீரில் இறக்கப்பட்டது. நெப்போலியன் போர்களில் இங்கிலாந்தின் ஓக் மரங்கள் கரைந்துபோனதால், மலபார்த் தேக்கை நம்ப வேண்டிய நிலை அவர்களுக்கு வந்தது. அதன் கட்டுமான வரைபடத்தை ஏற்றிவந்த கப்பலை 1812இல் அமெரிக்கர்கள் அழித்துவிட, இன்னொரு பிரதியை அனுப்ப வேண்டியதாயிற்று. பயிற்சிக் கப்பலாகப் பெயர் மாற்றிக்கொண்டு நெடுங்காலம் உழைத்துவிட்டு, 1987இல் ஹார்ட்டில்பூலுக்கு வந்து சேர்ந்தது. வேலையிழந்த கப்பல் கட்டும் ஊர் ஒன்றில், பழைய கப்பலைப் பழுது பார்க்கும் வேலை பத்தாண்டுக்கு மேல் நடந்து 2001இல் முடிந்தது. இன்று ஐரோப்பாவில் மிதந்துகொண்டிருக்கும் மிகப் பழைய போர்க்கப்பல் அதுவே. அதன் முகப்பில் இருக்கும் மரச்சிலையைப் பாருங்கள்: தலைப்பாகை கட்டிய ஆள். 200 ஆண்டு தாண்டியும் அந்தத் தேக்கு உளுக்கவில்லை என்பது, மரக்கலம் பார்த்துப் பழகிய உங்களுக்கு வியப்பாக இருக்காது.

கேள்வி: எம்டன் குண்டு போட்டது சென்னையில் மட்டும்தானா? (பழைய வண்ணாரப்பேட்டை வாசகர்)

பதில்: ஜெர்மன் போர்க்கப்பலான எம்டன் ஓர் ஊரின் மேல் குண்டு போட்டது இங்கேதான். 1914 செப்டம்பர் 22 இரவு துறைமுகத்தருகே எண்ணெய்த் தொட்டிகள் எரிந்தன. அந்தக் கப்பலின் பெயர், தமிழில் சாமர்த்தியசாலியைக் குறிக்கும் சொல்லாகவே தங்கிவிட்டது. அதற்குச் சரியாக 85 நாள் கழித்து, டிசம்பர் 16 காலையில், மூன்று ஜெர்மன் போர்க்கப்பல்கள் ஹார்ட்டில்பூலைச் சுமார் 40 நிமிடம் தாக்கின. அங்கே இறந்தவர்கள் நூற்றுக்கும் மேல். வேலைக்குக் கிளம்பியவர்களும் குழந்தைகளும் அவர்களில் இருந்தனர். முதல் குண்டு விழுந்த ஹெட்லேண்டில் ஒரு நினைவுக் கல் உண்டு. நம் உயர்நீதிமன்றத்தின் கிழக்குச் சுவரில் எம்டன் குண்டுக்கு ஒன்று இருப்பதைப் போல.

கேள்வி: அந்த ஊர்க்காரர்களைக் 'குரங்கைத் தூக்கிலிட்டவர்கள்' என்கிறார்களாமே? (வியாசர்பாடி மாணவர்)

பதில்: பிரெஞ்சுக் கப்பல் உடைந்து கரையொதுங்கிய குரங்கை ஒற்றன் என்று நினைத்து மீனவர்கள் தூக்கிலிட்டார்கள் என்பது கதை, சான்று எதுவும் இல்லை. ஏளனமாக வந்த பெயரை அவர்கள் பெருமையாக எடுத்துக்கொண்டார்கள். உள்ளூர்க் கால்பந்து அணியின் குரங்கு வேடக்காரர் ஸ்டூவர்ட் டிரம்மண்ட், பள்ளிப் பிள்ளைகளுக்கு இலவச வாழைப்பழம் என்று வாக்குறுதி தந்து 2002இல் மேயரானார். தொடர்ந்து மூன்று முறை வென்றார். தேர்தலில் இலவசம் என்றால் நமக்கு மட்டும்தான் சொந்தம் என்று இனி யாரும் சொல்ல வேண்டாம்.

கேள்வி: 2023 டிசம்பரில் எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் கலந்தபோது எங்கள் வலையெல்லாம் கறுத்துப் போனது. அங்கேயும் நண்டு செத்து ஒதுங்கியதாகக் கேள்விப்பட்டேன். அங்கே மீனவர்களுக்குப் பதில் கிடைத்ததா? (காசிமேடு வாசகர்)

பதில்: கிடைத்தது, ஆனால் ஒன்றல்ல. 2021 இலையுதிர்காலத்தில் சீட்டன் கேரு தொடங்கித் தெற்கே நெடுந்தூரம் நண்டும் சிங்கி இறாலும் குவியல் குவியலாக ஒதுங்கின. சில, மல்லாந்து கிடந்து கால்களை உதறிக்கொண்டிருந்தன. கடல்பாசிப் பெருக்கமே காரணமாக இருக்கலாம் என்று அரசு சொன்னது. ஆற்றுமுகத்தைத் தூர்வாரியதில் கிளம்பிய பழைய தொழிற்சாலைக் கழிவையே சந்தேகப்பட்ட மீனவர்கள், தாங்களே நிதி திரட்டி ஆய்வு செய்யச் சொன்னார்கள். அதில் பைரிடின் என்ற வேதிப்பொருள் சுட்டப்பட்டது. 2023 ஜனவரியில் தனி வல்லுநர் குழு ஒன்று, பாசி, பைரிடின் இரண்டையும் ஒதுக்கி, இதுவரை அறியாத நோய்க்கிருமியாக இருக்கலாம் என்று எழுதியது. அதையும் உறுதியாகச் சொல்லவில்லை. உங்கள் கையில் கறுப்பு எண்ணெயாவது கண்ணுக்குத் தெரிந்தது. அவர்கள் பொறிக்கூடையைத் தூக்கினால் உள்ளே வெறும் தண்ணீர்தான் இருந்தது.