கைவினைப் பொருள்களும் பரிசுக் கடையும்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: சிறிய அளவில் ஒரு பரிசுப்பொருள் கடை தொடங்கவிருக்கிறேன். கையால் செய்த பொருள்களை மட்டுமே விற்க வேண்டும் என்பது என் விருப்பம். ஆனால் கண்காட்சிகளுக்குச் சென்றால் எல்லாமே அழகாகத் தெரிகின்றன. எதை எடுப்பது, எதை விடுவது என்று எப்படி முடிவு செய்வது?

பதில்: கண்காட்சியில் பொருளுக்குப் பக்கத்தில் அதைச் செய்தவரே நின்று பேசுகிறார், உங்கள் அலமாரியில் அது தனியாக நிற்க வேண்டியிருக்கும். ஆகவே, யாரும் விளக்காமலேயே அது என்ன, எதற்குப் பயன்படும் என்பது பார்த்த மாத்திரத்தில் விளங்குகிறதா என்று முதலில் பாருங்கள். அடுத்ததாக, பரிசு வாங்குபவர் தனக்காக வாங்குவதில்லை, இன்னொருவரின் ரசனையை ஊகித்து வாங்குகிறார் என்பதை மறக்கக் கூடாது. அளவு தெரிந்தால்தான் வாங்க முடிகிற மோதிரத்தையும் சட்டையையும்விட, யாருக்கும் பொருந்தக்கூடிய சால்வை, சிமிழ், கிண்ணம், விளக்கு போன்றவை பரிசுக் கடையில் எளிதாக நகர்வது இதனால்தான். எடுத்துச் செல்லும்போது உடையாமல் கட்டித்தர முடியுமா என்பதையும் கொள்முதலுக்கு முன்பே யோசித்துவிடுங்கள்.

இவற்றையெல்லாம்விட முக்கியமாக நான் கருதுவது, செய்பவரின் கைவேகம். ஒரு மரச்சிற்பத்துக்கு இரண்டு நாள் ஆகிறது என்றால், மாதத்துக்கு 24 வேலை நாள்களில் அவரால் 12 சிற்பங்களுக்குமேல் தர இயலாது; அவற்றில் பாதி வேறு கடைகளுக்குப் போகலாம். அந்தப் பொருள் நன்றாக விற்று, நீங்கள் மீண்டும் கேட்கும்போது கிடைக்காவிட்டால், முதல் விற்பனையால் வந்த பெயர் வீணாகிவிடும். எனவே, மாதத்துக்கு எத்தனை செய்ய முடியும், மறுமுறை கேட்டால் எத்தனை நாளில் வரும், அப்போதும் இதே மரமும் இதே சாயமும் கிடைக்குமா என்ற மூன்றையும் விலை பேசுவதற்கு முன்பே கேட்டுவிடுவது நல்லது. முப்பது பேரிடம் ஆளுக்கு இரண்டு பொருள் வாங்கிக் குவிப்பதைக் காட்டிலும், ஆறேழு பேரிடம் அலமாரி நிறைந்து தெரியும் அளவுக்கு வாங்குவதையே நான் பரிந்துரைப்பேன்.

கேள்வி: கையால் செய்தது என்று சொல்லி அச்சில் வார்த்ததையும் இயந்திரத்தில் செய்ததையும் விற்கிறார்களே, எப்படிக் கண்டுபிடிப்பது? தரத்தை எப்படிச் சோதிப்பது?

பதில்: மிக எளிய சோதனை, ஒரே பொருளில் இரண்டு மூன்றை எடுத்து அருகருகே வைத்துப் பார்ப்பதுதான். கையால் செதுக்கியவை ஒன்றுபோல் மற்றொன்று இருக்காது. உளித் தடமும் மரத்தின் ரேகையும் எல்லாவற்றிலும் ஒரே இடத்தில் இருந்தால் அவை ஒரே அச்சில் வார்க்கப்பட்டவை. விரிப்பைத் திருப்பிப் பாருங்கள்: கையால் முடிச்சிட்டதில் முன்பக்க வடிவம் பின்பக்கத்திலும் முடிச்சு முடிச்சாகத் தெரியும்; பின்புறம் முழுவதும் துணி ஒட்டி மறைக்கப்பட்டிருந்தால் அது பெரும்பாலும் முடிச்சிட்டதாக இராது. மரக்கட்டை அச்சுத் துணியில், கட்டை அடுத்தடுத்துப் பதியும் இடங்களில் கோடு சற்றே விலகியும் நிறம் இடத்துக்கு இடம் அடர்ந்தும் வெளுத்தும் இருக்கும். அந்த விலகலையே கணினியில் வரைந்து அச்சிடுகிற சாமர்த்தியசாலிகளும் இருக்கிறார்கள் என்பதால், முடிந்தால் வேலை நடக்கும் இடத்துக்கே ஒருமுறை சென்று பார்த்துவிடுங்கள்.

தரத்தைப் பொறுத்தவரை, ஒவ்வொரு பொருளும் பழுதாகும் விதம் வேறு. மண்பாண்டங்களில் குறைந்த வெப்பத்தில் சுட்டவை நீரை உறிஞ்சும். ஏறத்தாழ 1,200 டிகிரி செல்சியஸுக்குமேல் சுட்ட ஸ்டோன்வேர் வகைகள் மிகக் குறைவாகவே உறிஞ்சும் என்பதால் அன்றாடப் பயன்பாட்டுக்கு அவையே ஏற்றவை. உணவு வைக்கும் பாத்திரமானால், மேற்பூச்சில் ஈயம் இல்லை என்பதற்குச் சோதனைச் சான்று கேளுங்கள். புளிப்பான உணவு பட்டால் ஈயம் கசிந்து உணவில் கலக்கக்கூடும். சான்று இல்லையென்றால் அதை அலங்காரப் பொருளாக மட்டுமே விற்க வேண்டும், அதை அட்டையில் எழுதியும் வைக்க வேண்டும். சாயத் துணியை ஈரமான வெள்ளைத் துணியால் தேய்த்துப் பாருங்கள். மஞ்சள் கிழங்கிலிருந்து எடுத்த சாயம் வெயிலில் விரைவில் வெளுக்கும் என்பதால், அந்தச் சாயமிட்ட துணியைக் கடையின் கண்ணாடி முகப்பில் வைக்காதீர்கள். சரியாக உலராத மரத்தில் செய்த பெட்டி, குளிரூட்டிய அறையின் வறண்ட காற்றில் சுருங்கி விரிசல் விடும். சூடுபடுத்தாமல் செய்யும் சோப்பு, செய்து முடித்த பிறகு நான்கு முதல் ஆறு வாரம் உலர வேண்டும். அதற்கு முன்பே வாங்கினால் விரைவில் கரைந்து போகும், எடையும் குறையும்.

இவை எல்லாவற்றுக்கும் மேலாக, மொத்தமாக வாங்குவதற்கு முன் ஒரு மாதிரியை விலை கொடுத்து வாங்கி, சில வாரங்கள் வீட்டில் பயன்படுத்திப் பாருங்கள். மாதிரியை இலவசமாகக் கேட்கும் கடைக்காரர்களை எனக்குப் பிடிப்பதில்லை. இரண்டு நாள் உழைப்பை யாரும் சும்மா தரத் தேவையில்லை.

கேள்வி: பணம் கொடுத்து வாங்கி வைப்பதா, விற்ற பிறகு பணம் தருவதா? விலையை எப்படி வைப்பது?

பதில்: விற்ற பிறகு பணம் தரும் முறையில், விற்பனைத் தொகையில் 60 சதவீதம் செய்தவருக்கும் 40 சதவீதம் கடைக்கும் என்ற பங்கீடு பல இடங்களில் வழக்கத்தில் உள்ளது. புதிதாகத் தொடங்குபவருக்கு இது வசதியாகத் தோன்றினாலும், முதல் போட்டவர் கைவினைஞர், இடம் மட்டும் கொடுத்தவர் நீங்கள் என்பதால், அவர் நல்ல சரக்கைப் பணம் தருகிற கடைக்கே முதலில் அனுப்புவார். ஆகவே விலை உயர்ந்த ஓரிரு பொருள்களுக்கு மட்டும் இம்முறையை வைத்துக்கொண்டு, மற்றவற்றைக் குறைந்த எண்ணிக்கையிலாவது பணம் கொடுத்து வாங்குங்கள். உடைந்தாலோ காணாமற்போனாலோ யார் பொறுப்பு, எத்தனை மாதத்தில் திருப்பி எடுத்துக்கொள்வது என்பதை எழுத்தில் போட்டுக்கொள்ள வேண்டும்.

விலையில், வாங்கியதன் இரு மடங்கு என்பது பரவலான வழக்கம். 100க்கு வாங்கி 200க்கு விற்பதாக வைத்துக்கொள்வோம். அதில் 20 சதவீதம் தள்ளுபடி தந்தால் 160 வரும், உங்களுக்குக் கிடைப்பது 100லிருந்து 60ஆகக் குறையும். வாடகையும் கட்டுச் செலவும் அந்த 60க்குள்தான் அடங்க வேண்டும். செய்தவரே நேரடியாக விற்பவரானால், அவருடைய சில்லறை விலையும் உங்கள் விலையும் ஒன்றாக இருக்கும்படி முன்கூட்டியே பேசி முடித்துவிடுங்கள். இல்லையென்றால் வாடிக்கையாளர் உங்கள் கடையில் பார்த்துவிட்டு அவரிடம் போய் வாங்குவார்.

கேள்வி: என் கடைக்கு மட்டுமே தர வேண்டும் என்று கைவினைஞரிடம் கேட்கலாமா?

பதில்: மாதந்தோறும் இத்தனை எடுத்துக்கொள்கிறேன் என்று நீங்கள் உறுதி தந்தால் கேட்கலாம். அந்த உறுதி தர இயலாவிட்டால், ஒரு நிறத்தையோ ஒரு வடிவத்தையோ மட்டும் உங்களுக்கென ஒதுக்கித் தரும்படி கேளுங்கள். பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள்.