நகையை வைத்து மாஸ்டரிங் படிக்க வைக்கலாமா?

ஐயா, உங்கள் கடிதத்தைப் படித்தேன். பையன் மாஸ்டரிங் இன்ஜினியர் ஆகணும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறான், ஆறு மாதப் படிப்புக்கு இரண்டு லட்சம் கேட்கிறார்கள், நகையை வைக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். அதற்காகப் பையனின் ஆசையே வீண் என்று நினைத்துவிடாதீர்கள்.

முதலில் அது என்ன வேலை என்று சொல்லிவிடுகிறேன். பாட்டைப் பதிவு செய்து, குரலையும் வாத்தியங்களையும் கலந்து மிக்ஸிங் முடித்த பிறகு, கடைசியாக ஒருவர் கைக்குப் போகும். பேஸ் எனும் அடித்தொனி கனத்துக் கிடக்கிறதா, குரல் காதைக் குத்துகிறதா, ஆல்பத்தின் பத்துப் பாட்டும் ஒரே சீராகக் கேட்கிறதா என்று பார்த்துச் சரிசெய்து கொடுப்பவர் அவர். அவர் கவனிக்காமல் விட்ட பிழை அப்படியே ஊருக்குப் போய்விடும். அந்த நாற்காலியில் புதுப் பையனை யார் உட்கார வைப்பார்கள்?

இந்தத் தொழிலின் பெரிய பெயர்களில் ஒருவர் அமெரிக்காவின் பாப் லட்விக். 1944இல் பிறந்தவர். ரோசெஸ்டரில் உள்ள ஈஸ்ட்மன் இசைப்பள்ளியில் படித்தார், ட்ரம்பெட் வாசிப்பவர். அங்கே ஒலிப்பதிவு வகுப்பு எடுக்க வந்த தயாரிப்பாளர் ஃபில் ரமோனிடம் உதவியாளராக ஒட்டிக்கொண்டார். ரமோன் அவரை நியூயார்க்கில் இருந்த தன் ஸ்டூடியோவுக்கே அழைத்துக்கொண்டார். பிறகு ஸ்டெர்லிங் சவுண்ட், மாஸ்டர்டிஸ்க் என்ற ஸ்டூடியோக்களில் பிறரிடம் வேலை. மெய்ன் மாநிலத்துப் போர்ட்லண்டில் கேட்வே மாஸ்டரிங் என்று சொந்த ஸ்டூடியோ போட்டபோது வயது ஐம்பதை நெருங்கிவிட்டது. ஓய்வுபெற்றது 2023இல்தான். சொந்தக் கடை எப்போது வந்தது என்று பையனிடம் அழுத்திச் சொல்லுங்கள்.

இன்னொரு கதையும் சொல்லுங்கள், ரசிப்பான். 1969இல் லெட் செப்பலின் என்ற ராக் இசைக்குழுவின் இரண்டாவது ஆல்பத்துக்கு லட்விக் இசைத்தட்டு வெட்டினார், அதாவது பாட்டை மூலத்தட்டில் பள்ளமாகச் செதுக்கினார். பேஸை அடக்காமல், நல்ல சத்தத்தோடு வெட்டினார். ஒரு மலிவான பிளேயரில் அந்தத் தட்டைப் போட்டதும் ஊசி துள்ளியதாம். உடனே சத்தத்தைக் குறைத்து மறுபடி வெட்டினார்கள். இன்று பழைய தட்டு சேகரிப்பவர்கள் தேடி அலைவது அந்த முதல் தட்டைத்தான். லேபிளை ஒட்டிய வெற்று விளிம்பில் ‘ஆர்எல்’ என்று, ராபர்ட் லட்விக் என்ற அவர் முழுப்பெயரின் முதலெழுத்துகள் கீறியிருக்கும். வேலையில் தப்பில்லை, ஆனால் கேட்பவர் வீட்டுப் பெட்டி தாங்கவில்லை. இரண்டையும் சேர்த்து யோசிப்பதற்குத்தான் சம்பளம்.

பையனுக்குக் காது இருக்கிறதா என்று வீட்டிலேயே பார்க்கலாம். ஒரே பாட்டை இரண்டு முறை போடுங்கள், இரண்டாவது முறை வால்யூமை அவனுக்குத் தெரியாமல் ஒரே ஒரு புள்ளி ஏற்றுங்கள். எது நன்றாக இருக்கிறது என்று கேட்டால் பெரும்பாலும் எல்லோரும் சத்தமானதைத்தான் காட்டுவார்கள். “சத்தம்தான் கூடியிருக்கு, வேறொண்ணும் மாறலை” என்று அவன் சொன்னால் எனக்கு உடனே எழுதுங்கள். இப்போது ஸ்பாட்டிஃபை போன்றவை எல்லாப் பாட்டையும் ஏறக்குறைய ஒரே சத்தத்துக்குக் கொண்டுவந்துதான் ஒலிக்கின்றன. சத்தத்தை மட்டும் ஏற்றிக் கொடுப்பவனுக்கு அங்கே மதிப்பில்லை. அந்த மலிவு வேலையை 2014இலிருந்தே லேண்டர் மாதிரித் தானியங்கிச் சேவைகள் செய்து தருகின்றன.

அதனால் மாஸ்டரிங்கைக் கடைசிப் படியாக வைத்துக்கொள்ளட்டும். தரமணியில் உள்ள அரசுத் திரைப்பட நிறுவனத்தில் ஒலிப்பதிவுப் பட்டப்படிப்பு இருக்கிறது. கட்டணம் தனியாரைவிட மிகக் குறைவு. பட்டம் முடித்த பிறகு புனே, கொல்கத்தா திரைப்பட நிறுவனங்களுக்கும் முயலலாம். ஆறு மாத வகுப்பில் சேர்ந்துவிட்டு, ஸ்பீக்கரை எங்கே வைப்பது என்றுகூடத் தெரியாமல் என்னிடம் வந்த பிள்ளைகள் உண்டு. அவர்கள் கையில் சான்றிதழ் மட்டும் பளபளவென்று இருந்தது. இடையில் ஒரு வாத்தியமும் கற்கட்டும், கீபோர்டானாலும் சரி, மிருதங்கமானாலும் சரி.

ப்ளஸ் டூவில் அவன் எந்த குரூப் என்று நீங்கள் எழுதவில்லை. புனேயில் ஒலிப்பதிவுக்கு இயற்பியல் கேட்பார்கள். அடுத்த கடிதத்தில் அதை முதலில் சொல்லுங்கள்.